ஏரியை அடைத்து ஆற்றடியைத் தேடியவர்கள்



பொன் வேலை செய்யும் பட்டறைகள் நிறைந்த தெரு ஒன்று எங்கள் ஊரில் உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது, விடியுமுன் அத்தெருவுக்கு ஒரு கணவனும் மனைவியும் வருவார்கள். பட்டறை வாயில்களையும் சாக்கடை ஓரத்தையும் துடைப்பத்தால் பெருக்கி, அந்த மண்ணைத் தகரக் குடத்தில் வாரிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவார்கள். அங்கே அம்மண்ணை மரவையில் இட்டு, நீர் விட்டு, சுழற்றிச் சுழற்றி அரிப்பார்கள். மண்ணும் மணலும் நீரோடு வழிந்து போகும். கடைசியில் மரவையின் அடியில் ஒரு கறுப்புக் கோடு தங்கும். அந்தக் கோட்டின் ஓரத்தில், கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால், மஞ்சளாக ஏதோ மின்னும். அவர்களை 'அரிப்புக்காரர்' என்று அழைப்போம். எங்கள் வீட்டில் என் தாயார் அரிசியில் கல் அரிப்பதும் இதே வேலைதான் என்று நான் அப்போது நினைத்துக்கொள்வேன். ஒன்றில் வேண்டாதது அடியில் தங்குகிறது. மற்றொன்றில் வேண்டியது அடியில் தங்குகிறது. வேறுபாடு அவ்வளவே.

இன்று நான் உங்களுக்குச் சொல்லப்போகும் வரலாறு, இந்த மரவை வித்தையை ஒரு பெரும் ஏரியளவுக்கு நடத்திப் பார்க்க முயன்றவர்களைப் பற்றியது. இது நடந்த இடம் நியூசிலாந்தின் தென் தீவு. அங்கே ஒட்டாகோ என்னும் மாநிலத்தின் உட்பகுதியில், மலைகளுக்கு நடுவே, வாகட்டிப்பு என்னும் ஏரி கிடக்கிறது.

ஏரி என்றவுடன் நம் ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ள வேண்டா. வாகட்டிப்பு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமுடையது. அகலம் மட்டும் குறைவு. மின்னல் வெட்டியதுபோல் இருமுறை வளைந்து, மலைகளை ஒட்டியே செல்கிறது. அதன் பரப்பு ஏறத்தாழ 290 சதுரக் கிலோமீட்டர். நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு 310 மீட்டர் மேலே இருக்கிறது. ஆழமோ ஓரிடத்தில் 380 மீட்டர். ஆகவே அந்த ஏரியின் அடித்தரை, மலைநாட்டின் நடுவில் இருந்தும், கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. ஆறு அறுத்து உண்டாக்கிய பள்ளம் இப்படி இராது. இதைத் தோண்டியது பனி.

அந்நாட்டின் பழங்குடியினரான மாவோரி மக்கள் இதற்கு வேறு விளக்கம் தருவார்கள். மாத்தாவ் என்னும் அரக்கன் ஒருவன் மனாட்டா என்னும் பெண்ணைக் கவர்ந்து சென்றானாம். அவளை விரும்பிய மாத்தாக்கவுரி என்னும் வீரன், அரக்கன் முழங்காலை மடக்கிக்கொண்டு உறங்கும் வேளை பார்த்து அவனுக்குத் தீ வைத்தானாம். அத்தீயின் வெம்மையில் மலைப்பனி உருகி, அரக்கன் கிடந்த பள்ளம் நிறைந்து ஏரியாயிற்று. உடல் எரிந்தும் இதயம் மட்டும் எரியாமல் அடியில் இன்றும் துடிக்கிறது. அதனால்தான் ஏரியின் நீர்மட்டம் சில அங்குலம் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது என்பார்கள். நீர் ஏறி இறங்குவது உண்மை. காற்றும் காற்றழுத்தமும் நீண்ட நீர்ப்பரப்பை ஊஞ்சல்போல் ஆட்டுகின்றன என்பது அறிவியலார் கூறும் காரணம். ஆயினும், மடக்கிய முழங்காலை ஏரியின் வளைவிலும், பனி உருகியதை அதன் பிறப்பிலும் கண்ட அந்தப் பழங்கதையாளரின் கூர்மையை நான் வியவாமல் இருக்க முடியவில்லை. மாவோரிகள் இந்த ஏரியின் தலைப்பகுதிக்கு வந்தது பொன்னுக்காக அன்று. பச்சைக்கல் ஒன்று அங்கே கிடைக்கும். கருவிகளும் அணிகளும் செய்ய அது அவர்களுக்குப் பொன்னினும் உயர்ந்தது. ஆற்று மணலில் மின்னிய மஞ்சள் துகளை அவர்கள் பொருட்படுத்தவில்லை.

அந்தப் பொன் அங்கே வந்தது எப்படி? ஒட்டாகோவின் மலைகள் பெரும்பாலும் சிஸ்ட் என்னும் பாறையால் ஆனவை. பழைய ஏட்டுச் சுவடியை அடுக்கி வைத்ததுபோல் மெல்லிய படலங்களாகப் பிரியும் பாறை அது. அப்பாறையின் வெடிப்புகளில், நம் கிராமங்களில் வெங்கச்சங்கல் என்று சொல்லும் வெள்ளைக்கல் நரம்புபோல் ஓடுகிறது. அந்த நரம்புகளில்தான் பொன் இருந்தது. மலை உயர உயர, மழையும் உறைபனியும் அதை உடைத்தன. உடைந்தவற்றை ஆறுகள் உருட்டிச் சென்றன. வெங்கச்சங்கல் நீரைப்போல் இரண்டரை மடங்குக்குச் சற்று அதிகமான கனமுடையது. பொன்னோ பத்தொன்பது மடங்குக்கும் மேல். எனவே ஆற்றின் வேகம் சற்றே தளரும் இடங்களில், வளைவின் உட்புறத்தில், பாறையின் பின்னால், அடிப்பாறையின் வெடிப்பில் பொன் தங்கிவிட, மற்றவை மேலே சென்றுவிடும். ஆறுதான் அந்த மலைநாட்டின் முதல் அரிப்புக்காரன்.

இதற்கிடையில் பனியுகங்கள் வந்தன. மலைமீது தேங்கிய பனி, பள்ளத்தாக்குகளில் பனியாறாக இறங்கியது. பனியாறு நீராற்றைப்போல் நடந்துகொள்வதில்லை. அதற்குக் கனமானது, இலேசானது என்ற பாகுபாடு கிடையாது. பாறாங்கல்லையும் மாவுபோன்ற வண்டலையும் பொன்னையும் ஒருசேர வாரித் தள்ளிக்கொண்டு போகும். முன்பு ஆறுகள் இலட்சக்கணக்கான ஆண்டுகள் அரித்துச் சேர்த்து வைத்த பொன்னை இவ்வாறு பனி கலைத்துவிட்டது. எங்கே பனி உருகி நின்றதோ அங்கே அந்தக் கலவை முழுவதையும் மேடாகக் கொட்டியது. வாகட்டிப்புவின் தென்கோடியில், கிங்ஸ்டன் என்னும் ஊரருகே, அப்படிப்பட்ட மேடு ஒன்று அணைபோல் நிற்கிறது. ஒரு காலத்தில் ஏரி நீர் அவ்வழியாகத் தெற்கே ஓடிற்று. பின்னர் அவ்வழி கைவிடப்பட்டு, காவராவ் என்னும் ஆறு கிழக்கே புதுவழி கண்டது.

பனியாறு கொட்டிய பொன் பரவிக் கிடப்பது. எடுத்தால் கூலிக்குக் கட்டாது. அதை உருகுநீரோ பிற்கால ஆறோ மீண்டும் அரித்துக் கொடுத்தால்தான் மனிதனுக்குப் பயன். ஏரிக்குள் விழும் பொன்னின் கதி இன்னும் மோசம். ஓடிவந்த நீர் ஏரியில் நுழைந்ததும் நின்றுவிடுகிறது. கனமான பருக்கைகள் நுழைவாயிலிலேயே விழுகின்றன. நடு ஏரியின் அடியில் படிவது வெறும் வண்டல். ஆகவே, 'பனி தோண்டிய பெரும் பள்ளம், பொன் விளையும் மலை, எனவே ஏரியடி முழுதும் பொன்' என்று கணக்கிட்டவர்கள் ஏமாந்தார்கள். பொன் ஏரியில் இல்லை. ஏரிக்கு வெளியே, வழிந்தோடும் ஆற்றில் இருந்தது. ஷாட்டோவர், ஆரோ என்ற இரு மலையாறுகள், ஏரியைத் தொடாமல், ஏரி வாயிலுக்குக் கீழே காவராவில் வந்து கலக்கின்றன. இந்த ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு நமக்குத் தேவைப்படும்.

1861-ஆம் ஆண்டு மே மாதத்தில், டாஸ்மேனியாவிலிருந்து வந்திருந்த கேபிரியல் ரீட் என்பவர், ஒட்டாகோவின் தெற்குப் பகுதியில் ஓர் ஓடையில் பொன் கண்டார். அந்த ஓடை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அடுத்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஹார்ட்லி, ரைலி என்ற இருவர் டனீடின் நகரத்துக் கருவூலத்தில் நுழைந்து, 87 இராத்தல் பொன்னைக் கொட்டினார்கள். எங்கே எடுத்தீர்கள் என்பதைச் சொல்ல அரசாங்கத்திடம் 2,000 பவுன் வெகுமதி பேசிக்கொண்டார்கள். அவர்களுடைய சாமர்த்தியம் வேறொன்றில் இருந்தது. அவர்கள் குளூத்தா என்னும் பேராற்றின் கணவாயில் குளிர்காலத்தில் வேலை செய்தவர்கள். நடுங்கும் குளிரில் யார் ஆற்றில் இறங்குவார்? ஆனால் அப்போதுதான் மலைமீது பனி உருகாமல் உறைந்து நிற்கிறது. ஆற்றில் நீர் குறைகிறது. கோடையில் மூழ்கிக் கிடக்கும் மணல்திட்டுகள் வெளியே தெரிகின்றன. 'நீர் இறங்கினால் பொன் தெரியும்' என்னும் இந்த எண்ணம் அந்நாட்டார் மனத்தில் அன்று விதையாக விழுந்தது. அது 64 ஆண்டுகள் கழித்து அணையாக முளைத்தது.

வாகட்டிப்புக் கரையில் அப்போது வில்லியம் கில்பர்ட் ரீஸ் என்பவர் ஆட்டுப்பண்ணை நடத்திவந்தார். அவரிடம் வேலை பார்த்த ஜாக் டேவா என்னும் மாவோரிதான் 1862-இல் ஆரோ ஆற்றில் பொன்னை முதலில் கண்டவர்களுள் ஒருவர். அவ்வாண்டு முடிவதற்குள் ஷாட்டோவரிலும் பொன் வெளிப்பட்டது. ஆட்டுப்பண்ணை இருந்த இடத்தில் குயின்ஸ்டவுன் என்ற நகரம் எழுந்தது. ரீஸ் தம் நிலத்தை இழந்து, ஏரி வாயிலில் காவராவ் அருவிக்கு அருகே போய்க் குடியேறினார்.

ஷாட்டோவர் கரையில் நடந்த ஒரு நிகழ்ச்சியை இன்றும் அங்குள்ளோர் சொல்லுவார்கள். ரானியேரா எலிசன், ஹாக்கராயா ஹாயெரோவா என்ற இரு மாவோரிகள் ஆற்றோரம் நடந்துகொண்டிருந்தார்கள். எதிர்க்கரையில் நல்ல மணல்திட்டு இருப்பது தெரிந்தது. ஆனால் ஆற்றின் வேகத்துக்கு அஞ்சி எவரும் கடக்கவில்லை. இருவரும் துணிந்து நீந்தினார்கள். கூடவே வந்த நாய் நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டது. நாயைக் காப்பாற்ற எலிசன் ஆற்றோடு கீழே சென்றார். அது கரையேறிய இடத்துப் பாறை வெடிப்புகளில் பொன் அடைந்து கிடந்தது! இருட்டுவதற்குள் இருவரும் 300 அவுன்சு சேர்த்துவிட்டார்கள். அவ்விடத்துக்கு 'மாவோரி முனை' என்று பெயர். தங்கள் முன்னோர் பொருட்படுத்தாத மஞ்சள் கல்லை, வெள்ளையர் விலை வைத்த பிறகு, அவர்களைவிடத் திறமையாக எடுத்துக் காட்டியவர்கள் இவர்கள். ஆனால் எல்லாருக்கும் ஆறு இவ்வளவு இரக்கம் காட்டவில்லை. 1863-ஆம் ஆண்டு ஜூலையில் திடீரென்று வந்த பெருமழையில் ஆரோவும் ஷாட்டோவரும் பொங்கி, கரையோரக் கூடாரங்களை உறங்கிக்கொண்டிருந்த மனிதரோடு வாரிச் சென்றன. தொடர்ந்து வந்த பனிப்புயல்களிலும் பலர் மடிந்தார்கள்.

கரையோரப் பொன் விரைவில் தீர்ந்தது. எஞ்சியது நீருக்கு அடியில். அதை எடுப்பதற்காகப் பிறந்ததுதான் மண்வாரிக் கப்பல். டிரெட்ஜர் என்று துறைமுகங்களில் சொல்கிறார்களே, அதன் இனத்தைச் சேர்ந்தது. முதலில் செய்தது மிக எளிய பொருள்: நீண்ட கழியின் நுனியில் இரும்பு வளையம், அந்த வளையத்தில் மாட்டுத்தோல் பை. மிதவையின்மேல் நின்று அதை ஆற்றடியில் ஊன்றி, உருளையால் இழுத்து, பை நிறையக் கூழாங்கல்லை மேலே கொண்டுவருவார்கள். பெரிய அகப்பை என்று வைத்துக்கொள்ளுங்கள். 'கரண்டி' என்றே அதற்குப் பெயரும் இட்டார்கள். அடுத்து, ஆற்றின் ஓட்டமே சுழற்றும் சக்கரங்களைக் கொண்டு வாளிச் சங்கிலியை ஓட்டினார்கள். 1881-இல் 'டனீடின்' என்ற நீராவி மண்வாரி குளூத்தாவில் இறங்கியது. 1901 வரை உழைத்து ஏறத்தாழ 17,000 அவுன்சுப் பொன்னை அது எடுத்தது.

மண்வாரியின் உள்ளே நடப்பதும் மரவை வித்தையே. வாளிகள் வரிசையாக ஏறிவந்து கொட்டும் மண், துளையிட்ட பெரிய உருளை ஒன்றில் விழுந்து சுழலும். பெரிய கற்கள் பின்புறமாக வெளியேறும். துளை வழியே இறங்கும் மணலும் பொன்னும் சாய்வான மேசைமீது நீரோடு ஓடும். அந்த மேசைமீது விரித்திருப்பது என்ன தெரியுமா? தென்னைநார் விரிப்பு! நம் வீட்டு வாசலில் கால் துடைக்கப் போடுகிறோமே, அதே நார்தான். பொன்துகள் அந்த நார்களுக்கிடையே சிக்கிக்கொள்ளும். பிறகு விரிப்பை எடுத்துத் தொட்டியில் அலசுவார்கள். தென்னை ஒன்றும் வளராத குளிர்நாட்டில், பனி மூடிய மலையடியில், தென்னைநார் பொன் பிடித்தது என்று படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

இனி ஒரு மனிதரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சோய் சியூ ஹோய் என்பவர் சீன நாட்டின் குவாங்டொங் பகுதியிலிருந்து வந்து டனீடினில் வாணிகம் செய்தவர். சீனர்கள் அங்கே தாமாக நுழைந்தவர்கள் அல்லர். வெள்ளையர் பலர் புதிய பொன்வயல்களைத் தேடி ஓடிவிட்டதால், கைவிடப்பட்ட இடங்களில் வேலை நடக்க வேண்டுமென்று டனீடின் வணிகர்களே அவர்களை அழைத்தார்கள். 1866 முதல் அவர்கள் வந்தார்கள். பிறர் ஒருமுறை அரித்துவிட்டுப்போன மணலை மறுபடி அரித்து, சிறுகச் சிறுகச் சேர்த்தார்கள். சியூ ஹோய் அவர்களுக்கு அரிசியும் பிற பொருள்களும் அனுப்பிவந்தவர். ஷாட்டோவரில் 'பெரிய மணல்' என்று ஒரு திட்டு உண்டு. அதை அவர் 1880-களின் இறுதியில் எடுத்துக்கொண்டு, 1889-இல் ஒரு நீராவி மண்வாரியை அங்கே இறக்கினார். அது ஆற்று நடுவில் மட்டுமன்றிக் கரையோர மேடுகளையும் தின்றுகொண்டே முன்னேறக் கூடியது. தான் மிதப்பதற்கான குளத்தைத் தானே வெட்டிக்கொள்ளும். அதன் வெற்றியைக் கண்டவர்கள் அதே அமைப்பைப் பின்பற்றினார்கள். நியூசிலாந்து மண்வாரி என்று பிற நாடுகள் பிற்காலத்தில் அறிந்த வகை இவ்வாறு வளர்ந்தது.

அந்நாடு சீனர்க்குச் செய்த கைம்மாறு என்ன? 1881-இல் சட்டம் ஒன்று வந்தது: கரையிறங்கும் ஒவ்வொரு சீனரும் 10 பவுன் தலைவரி கட்ட வேண்டும். 1896-இல் அது 100 பவுன் ஆயிற்று. வேறெந்த நாட்டவர்க்கும் அப்படியொரு வரி இல்லை. அவ்வரி 1944-இல் நீக்கப்பட்டது. 2002-இல் அந்நாட்டு அரசு அதற்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தது. சியூ ஹோய் அதைக் காண இருக்கவில்லை. அவர் 1901-இல் காலமானார். அயல்நாட்டில் இறந்த சீனரின் எலும்புகளைத் தாயகத்துக்கு அனுப்பி, வழிபடுவார் உள்ள மண்ணில் புதைக்க வேண்டும் என்பது அம்மக்களின் வழக்கம். அதற்கென்று நிறுவிய சங்கத்தில் முன்னின்றவரும் அவரே. 1902-இல் 499 பேருடைய எச்சங்களை ஏற்றிக்கொண்டு 'வென்ட்னர்' என்ற கப்பல் புறப்பட்டது. அந்த 499 பேரில் சியூ ஹோயும் ஒருவர். கப்பல் வழியில் பாறையில் மோதி, வடதீவின் மேற்குக் கரைக்கு அப்பால், ஹோக்கியாங்கா என்னும் இடத்துக்கருகே மூழ்கிவிட்டது. அலை ஒதுக்கிய எலும்புகளைக் கரையோர மாவோரிகள் எடுத்து, தங்கள் முன்னோர்க்குச் செய்வதுபோலவே மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். ஆற்றடியிலிருந்து பொன்னை எடுக்க வழிகாட்டியவர் கடலடியில் கிடக்கிறார்.

அவர் இறப்பதற்குச் சற்று முன்புதான், 1899, 1900 ஆண்டுகளில், மண்வாரிப் பித்து உச்சத்தை அடைந்தது. ஒட்டாகோவிலும் அதற்குத் தெற்கேயும் இருநூறுக்கு மேற்பட்ட மண்வாரிகள் எழுந்தன. கம்பெனிகள் காளான்போல் முளைத்தன. சில கம்பெனிகளிடம் ஆற்றில் ஒரு துண்டு இடமும் ஓர் அழகிய அறிக்கையும் இருந்தன. பொன் மட்டும் இல்லை. பங்கு வாங்கியவர்கள் குமாஸ்தாக்கள், கடைக்காரர்கள், விதவைகள். எங்கள் வீட்டிலும் ஒரு பழைய பெட்டி உண்டு. அதில் என் பாட்டனார் வாங்கிய ஒரு சுரங்கக் கம்பெனியின் பங்குப் பத்திரங்கள், கட்டங்கட்டமாக ஊதா மையில் அச்சிட்டவை, இருந்தன. கம்பெனி என்றோ மறைந்துவிட்டது. பத்திரத்தின் பின்புறத்தில் நான் கணக்குப் போட்டுப் பழகினேன். அதனால்தானோ என்னவோ, இந்த வரலாற்றைப் படிக்கும்போது பொன் எடுத்தவர்களைவிடப் பத்திரம் வைத்திருந்தவர்களை நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். மண்வாரி கடந்துபோன ஆற்றோர நிலம், மேல்மண் அடியில் புதைந்து, கற்குவியலாக மாறியது. பழத்தோட்டத்துக்கு ஏற்ற நிலங்கள் பல அவ்வாறு அழிந்தன.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கேள்வி எஞ்சி நின்றது. அதுதான் காவராவ். ஷாட்டோவரிலும் ஆரோவிலும் அத்தனை பொன் கிடைத்ததே. அவ்விரண்டும் கலந்து பாயும் காவராவின் அடியில் எவ்வளவு இருக்க வேண்டும்? ஆனால் அந்த ஆறு குறுகிய கணவாய்க்குள் சீறிப் பாய்வது. ஓரிடத்தில் பாறைகள் நெருங்கி, நீர் குறைந்த காலத்தில் தாண்டிக் குதிக்கலாம் என்னுமளவுக்கு ஒடுங்குகிறது. முற்காலத்தில் மாவோரிகளும் பொன் தேடியவர்களும் அவ்வாறே கடந்தார்கள். அந்த வேகத்தில் மண்வாரி நிலையாக நிற்பது கடினம். எனவே சிலர் எண்ணினார்கள்: ஆற்றுக்குள் இறங்குவதை விட்டு, ஆற்றையே நிறுத்தினால் என்ன?

ஏரிக்கு வாய் ஒன்றுதான். அந்த வாயில் மதகு வைத்து அடைத்துவிட்டால் நீர் எங்கே போகும்? ஏரியிலேயே தங்கும். ஏரி தாங்குமா? கணக்குப் பாருங்கள். 290 சதுரக் கிலோமீட்டர் பரப்பு ஒரு சென்டிமீட்டர் உயர வேண்டுமானால் 29 இலட்சம் கன மீட்டர் நீர் வேண்டும். குளிர்காலத்தில், மலைநீர் உறைந்து வரத்துக் குறைந்த வேளையில், மதகை அடைத்தால், ஏரி மெல்ல மெல்லத்தான் உயரும். அதற்குள் கீழே ஆற்றுப்படுகை உலர்ந்துவிடும். மனிதர் இறங்கிப் பாறை வெடிப்புகளைத் துடைத்து எடுத்துவிடலாம்! ஹார்ட்லியும் ரைலியும் இயற்கையின் தயவால் பெற்ற வாய்ப்பை இவர்கள் இரும்புக் கதவால் பெற நினைத்தார்கள். எண்ணம் மூடத்தனமானதன்று. பொறியியல் நோக்கில் அழகானது என்றே நான் சொல்லுவேன்.

1920-களின் தொடக்கத்தில் காவராவ் தங்கச் சுரங்கக் கம்பெனி இதற்கென்று முனைந்தது. ஆற்றின் நெடுகிலும் பல உரிமைகள், அவற்றுக்குப் பல துணைக் கம்பெனிகள், மீண்டும் பங்குகள். 1924-இல் காவராவ் அருவி இருந்த இடத்தில் அணை வேலை தொடங்கியது. கற்காரைத் தூண்கள், அவற்றினிடையே ஏற்றி இறக்கும் இரும்புக் கதவுகள், மேலே போக்குவரத்துக்கு ஒரு குறுகிய பாலம். 1926-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் வேலை முடிந்து, கதவுகள் இறக்கப்பட்டன.

ஆறு இறங்கியது. ஆனால் வற்றவில்லை.

முன்பு நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? ஷாட்டோவர், அணைக்குக் கீழே வந்து கலக்கிறது. ஆரோவும் அப்படியே, இன்னும் நெவிஸ் முதலிய ஆறுகளும் அப்படியே. ஷாட்டோவர் வெள்ளக் காலத்தில் காவராவின் ஓட்டத்தையே தடுத்து ஏரியைப் பெருகச் செய்யும் வலிமையுடையது. குளிர்காலத்திலும் அது முற்றும் வற்றுவதில்லை. ஏரியின் கதவைச் சாத்தியவர்களால் அந்த ஆறுகளின் கதவைச் சாத்த முடியவில்லை. நீர் தணிந்த இடங்களிலும் அடிப்பாறை தெரியவில்லை; பாறாங்கற்களும் கூழாங்கற்களும் ஆழமாக மூடிக் கிடந்தன. சிலர் சிறிது பொன் எடுத்தார்கள். அது கதவின் செலவுக்கும் காணவில்லை. பொன்னைக் கொண்டுவந்து சேர்த்த அதே கிளையாறுகள்தாம் அதை எடுக்கவொட்டாமல் காவலும் காத்தன. காவராவில் பொன் இருக்குமென்று எண்ணுவதற்குக் காரணம் ஷாட்டோவர். அணை பயனற்றுப் போனதற்குக் காரணமும் ஷாட்டோவர். வரைபடத்தைப் பார்த்தால் சிறுபிள்ளைக்கும் தெரியும் இது, அவ்வளவு பேருக்கு ஏன் தோன்றவில்லை என்று நீங்கள் கேட்கலாம். தோன்றியிருக்கும். கிளையாறுகளின் நீர் கொஞ்சம்தான், சமாளித்துவிடலாம் என்று கணக்கிட்டிருப்பார்கள். பங்கு விற்கும்போது 'கொஞ்சம்' என்ற சொல் மிக விரிந்து கொடுக்கக்கூடியது.

கம்பெனி போயிற்று, பாலம் நின்றது. தெற்கே செல்லும் நெடுஞ்சாலை முழுவதும் 2018 வரை அந்த ஒற்றை வழிப் பாலத்தின் மேல்தான் சென்றது. பிறகு அருகே புதிய பாலம் திறக்கப்பட்டு, பழையது நடப்பவர்க்கும் மிதிவண்டிக்காரர்க்கும் விடப்பட்டது. நான் அங்கே போனபோது அதன் நடுவில் சற்று நேரம் நின்றேன். ஒரு பக்கம் ஏரி, எண்ணெய்போல் அசைவற்றுக் கிடந்தது. மறுபக்கம் அதே நீர், தூண்களுக்கிடையே நழுவி, பச்சையாக ஓடத் தொடங்கியது. கீழே, காவராவ் கணவாயில், 1880-இல் கட்டிய தொங்கு பாலம் ஒன்று இருக்கிறது. 1988 முதல் மக்கள் காலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அதிலிருந்து 43 மீட்டர் கீழே ஆற்றை நோக்கிக் குதிக்கிறார்கள், அதற்குப் பணமும் கொடுத்து! அணை கட்டியவர்களுக்கு இந்த யோசனை தோன்றாமற் போயிற்றே என்று எண்ணிக்கொண்டேன்.

காவராவ் குளூத்தாவோடு கலக்கும் இடத்தில் குரோம்வெல் என்ற ஊர் உண்டு. இருவேறு நிறமுள்ள இரு ஆறுகள் அங்கே ஒன்றுகூடுவதைக் காண முன்பு மக்கள் வருவார்கள். கிளைட் என்னுமிடத்தில் மின்சாரத்துக்காகக் கட்டிய பேரணை 1992, 1993 ஆண்டுகளில் நீரைத் தேக்கியபோது, அந்தச் சங்கமமும் ஊரின் பழைய தெருவும் மூழ்கின. மண்வாரிகள் கொட்டிவிட்டுப்போன கற்குவியல்கள் பலவும் கூடவே மூழ்கின. அதற்கு டன்ஸ்டன் ஏரி என்று பெயர். மண்வாரிகள் எடுக்காமல் விட்ட பொன் இப்போது உண்மையாகவே ஓர் ஏரியின் அடியில் இருக்கிறது.

ஆரோ நதிக்கரையிலுள்ள ஊரில் மரவைபோன்ற தட்டை வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் உண்டு. பொதுமக்கள் தட்டைக் கொண்டு அரித்துப் பார்க்க ஆற்றில் ஒரு பகுதியை விட்டிருக்கிறார்கள். நானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு, வேட்டியை அல்ல, கால்சட்டையை மடித்துக்கொண்டு, பனிக்கட்டிபோல் குளிர்ந்த நீரில் ஒரு மணி நேரம் நின்றேன். எங்கள் ஊர் அரிப்புக்காரர் கை எப்படிச் சுழலும் என்பதை நினைவுபடுத்திக்கொண்டு சுழற்றினேன். முதல் மூன்று தட்டுகளில் ஒன்றுமில்லை. நான்காவதில், கறுப்பு மணல் கோட்டின் ஓரத்தில், இரண்டு துகள்கள். கடைக்காரர் அவற்றைப் பூதக்கண்ணாடியால் பார்த்து, ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் நீரோடு இட்டுக் கொடுத்தார். தட்டின் வாடகை அத்துகள்களின் விலையைவிட அதிகம் என்று சொல்லிச் சிரித்தார். அந்தக் குப்பி இப்போது என் மேசைமேல் இருக்கிறது. குலுக்கினால் துகள்கள் மேலே எழும். ஒரு நொடிகூட நில்லாமல் அடிக்குப் போய்விடும்.